'50 டயா' எங்கிருந்து வருகிறது? கம்பியின் நங்கூர நீளத்தை நீங்களே கணக்கிடலாம்

லேப் (இரண்டு கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் போடும் நீளம்) எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூட '50 டயா', அதாவது கம்பி விட்டத்தைப்போல் 50 மடங்கு என்போம், ஏன் 50 என்று கேட்டால்தான் முழிப்போம். உண்மையில் இது இரண்டு வரிக் கணக்கு.

நங்கூர நீளம் என்பது கம்பி உருவிக்கொண்டு வராமலிருக்கக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய நீளம். கம்பியில் இருக்கும் இழுவிசை என்பது அதன் வெட்டுப்பரப்பு × எஃகின் தகைவு (ஒரு ச.மி.மீ.க்கு வரும் விசை). அதை இழுத்துப் பிடிப்பது சுற்றியிருக்கும் கான்கிரீட், அதாவது சுற்றளவு × நீளம் × பிணைப்புத் தகைவு (கம்பியின் மேற்பரப்பில் ஒரு ச.மி.மீ.க்குக் கிடைக்கும் பிடிப்பு). இரண்டையும் சமன்செய்தால் நீளம் = விட்டம் × எஃகின் தகைவு ÷ (4 × பிணைப்புத் தகைவு). 16 மி.மீ. கம்பி, எஃகில் 435, பிணைப்பில் 2.7 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்தால் சுமார் 645 மி.மீ., அதாவது 40 டயா. பிணைப்பு எண் விதிநூலுக்கு விதிநூல், கான்கிரீட் தரத்துக்குத் தரம் மாறும் என்பதால் இந்த 40-ஐயும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். லேப் என்றால் பெரும்பாலும் இன்னும் கூடும், அதிலும் எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் போட்டால்.

விட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, சுற்றளவோ இரண்டு மடங்குதான். அதனால் இடம் போதாதபோது ஒரு 32-க்குப் பதில் நான்கு 16 போடுங்கள்; பரப்பு அதேதான், நீளம் பாதி.

சரி, எங்கிருந்து அளப்பது? முழுத் தகைவு வரும் இடத்திலிருந்து. ஒரு முனை மட்டும் தூணில் பிடித்திருக்கும் கேன்டிலீவர் பீமில் அது தூணின் முகம், அங்கிருந்து உள்நோக்கி மேல்கம்பிக்கு முழு நீளமும் வேண்டும். இதில் இன்னொரு சிக்கல்: கான்கிரீட் ஊற்றியதும் கற்கள் கீழே படிய, தண்ணீர் மேலேறி மேல்கம்பியின் அடியில் தங்கிவிடும், பிடிப்பு குறையும். ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் இதற்குப் பிணைப்பை 0.7 மடங்காகக் குறைக்கிறது. நம் 645 இப்போது 920 ஆகிவிட்டது. 400 மி.மீ. தூணில் இது நேராகப் போகாது, கம்பியைத் தூணின் மறுமுகம் வரை கொண்டுபோய்க் கீழே வளைக்க வேண்டும். முன்முகத்தை ஒட்டியே வளைத்துவிட்டு 'எல் போட்டாச்சு' என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். அமுக்கத்தில் இருக்கும் கம்பிக்குக் கொக்கியால் (வளைத்த முனையால்) பயனில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன். வரிக்கம்பியின் முண்டுகள் கான்கிரீட்டைக் கடித்துப் பிடிக்கும்போது வெளிப்பக்கமாகவும் தள்ளுகின்றன, ஆப்பு அடிப்பது மாதிரி. கவர் குறைவாகவோ கம்பிகள் நெருக்கமாகவோ இருந்தால் கம்பி உருவி வருவதற்கு முன்பே அதன் நீளவாக்கில் கான்கிரீட் பிளந்துவிடும். லேப் இருக்கும் இடத்தில் ஸ்டிரப்பை (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை) நெருக்கிப் போடச் சொல்வது இந்தப் பிளவைக் கட்டிப்பிடிக்கத்தான்.

லேசான துருவுக்குப் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உதிரும் துரு, சேறு, ஷட்டரிங் ஆயில் (அச்சுப் பலகையில் பூசும் எண்ணெய்) இருந்தால் கான்கிரீட் வருவதற்கு முன் துடைத்துவிடுங்கள், கணக்கில் போட்ட 2.7 சுத்தமான கம்பிக்கு மட்டும்தான்.