பெயரை மாற்றினால் மட்டும் போதாது: செய்தியைக் கதையாக்கும்போது செய்யும் தவறுகள்

பேப்பரில் வந்த சம்பவத்தைக் கதையாக்கும்போது நாம் முதலில் மாற்றுவது பெயரை. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

நான் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லைனில் வளர்ந்தவன். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எங்கள் லைனில் ஒரு அத்தை நெஞ்சுவலியில் இறந்துபோனார். நாலு வரிச் செய்தியாக வந்ததைக் கதையாக எழுதினேன். பெயர் வேறு, ஊர் வேறு. ஆனால் கொழுந்துக் கூடையின் பட்டையில் அவர் நீலப் புடவைக் கிழிசலைச் சுற்றியிருப்பதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த இடம் வந்ததும் அவர் மகள் கதையைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. வேலை, வயது, நோய், கைப்பழக்கம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். சம்பவம் ஏன் நடந்தது என்பதை மட்டும் கலைக்கக் கூடாது.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் ஆள் இன்னார் என்று தெரிந்தால் அவதூறு வழக்கு வரலாம். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் வரலாம்.

நையாண்டியில் வரும் தவறு வேறு மாதிரி. 2021-இல், ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை வனத்துறையினர் நீலகிரியின் மசினகுடிப் பக்கம் மூன்று வாரம் தேடினார்கள். ட்ரோன், மோப்ப நாய், கும்கி யானை எல்லாம் வந்தன. கடைசியில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். புதரில் முள் கிழிக்க நடந்த வனக்காவலர்களைக் கோமாளிகளாக்கினால் உடனே சிரிப்பு வரும். ஆனால் அவர்களும் நம் பிள்ளைகள்தான். புலிக்குப் பலியானவர்களின் வீடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, காட்டுக்குள் மான் மேயும் புல்லை அமுக்கி வளர்ந்த உண்ணிச்செடியையும், அதை வளரவிட்ட நிர்வாகத்தையும் கேலி செய்யுங்கள்.

மழைக்காலத்தில் செய்தி வடிவில் நையாண்டி எழுதவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் 'குன்னூர் ரோடு மூடல்' என்று விளையாட்டாக எழுதினால், அந்த ஒரு வரி மட்டும் வாட்ஸ்அப்பில் தனியாகச் சுற்றும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் அதை நம்பித் திரும்பிவிடுவார்.

அத்தையின் கதையைத் திரும்ப எழுதினேன். இப்போது அதில் வருபவர் கேத்தியில் கேரட் கழுவும் பெரியவர். கூடை இல்லை, நீலத் துணி இல்லை. ஆம்புலன்ஸ் ஏற முடியாத அந்த மண் ரோடு மட்டும் அப்படியே இருக்கிறது.