மஸ்கி ரப்பர் மீனைத் திருத்தப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

மஸ்கி என்கிற மஸ்கலஞ்ச், வட அமெரிக்காவின் பெரிய நன்னீர் வேட்டை மீன். அமெரிக்காவின் விஸ்கான்சின் 1955-இல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துக்கொண்டது. பக்கத்து மினசோட்டாவில் பொதுவாக 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அதாவது, நாலரை அடி! இந்த அளவு மீனைக் குறிவைப்பதால் இரையும் சின்னதாக இருக்காது. புல் டாக், மெடுசா மாதிரியான ரப்பர் மீன்கள், அதாவது கொக்கி மாட்டிய மீன் வடிவச் செயற்கை இரைகள், ஒரு அடி நீளத்துக்கு வரும். புல் டாக் வரிசையில் ‘பவுண்டர்’ என்று ஒன்று உண்டு, பெயருக்கேற்ப ஒரு பவுண்டு, கிட்டத்தட்ட 450 கிராம்.

காசு கொடுத்து வாங்கிய இரையை அப்படியே தண்ணீரில் போட பலருக்கு மனம் வராது. ஈயம் சேர்ப்பார்கள், கொக்கி மாற்றுவார்கள், வாலைச் செதுக்குவார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஒரே இரவில் மூன்றையும் செய்துவிட்டு மறுநாள் ஏரியில் “இது ஏன் ஓட மாட்டேன் என்கிறது?” என்று முழிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற கூத்து. எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதையும் வீசுவதற்கு முன் படகின் ஓரமாக ஒரு ராடு (தூண்டில் கம்பு) நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது முதுகு நேராக இருக்கிறதா, மெதுவாக இழுத்தாலும் வால் அடிக்கிறதா, நிறுத்தியதும் எப்படி இறங்குகிறது, இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

மூன்றில் கடைசியானதுதான் முக்கியம். ரப்பர் மீனைப் பெரும்பாலும் ‘இழு, நிறுத்து’ என்றுதான் ஓட்டுகிறார்கள். நிறுத்தி, இரை இறங்கும் அந்த ஓரிரு நொடியில்தான் நிறைய கடி விழும். அந்த இறக்கத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் எடை. எடை முன்னால் இருந்தால் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், வால் பின்னால் படபடக்கும். நடுவயிற்றில் இருந்தால் கிடைமட்டமாக இறங்கும். ஆழமாகப் போக வேண்டும் என்று நினைத்து வால் பக்கம் ஈயத்தைச் செருகுவது தவறு. அப்படிச் செய்தால் இரை பின்பக்கமாக அமிழும், வால் அசைவு செத்துவிடும், சில சமயம் முன் கொக்கி லீடரில், அதாவது இரைக்கு முன்னால் கட்டும் உறுதியான இணைப்பில், மாட்டிக்கொள்ளும். முதுகுப் பக்கம் செருகினால் இன்னும் மோசம். எடை மேலே ஏறினதும் மீன் பக்கவாட்டில் சாயும், வேகமாக இழுத்தால் சுழலவே ஆரம்பித்துவிடும்.

சேர்க்க வேண்டுமானால் வயிற்றின் நடுக்கோட்டில், கொக்கிகளைத் தாங்கி உள்ளே ஓடும் கம்பிக்குக் கீழே சேருங்கள். ஆணி வடிவ எடைகள் கிடைக்கின்றன. ஐந்தாறு கிராமாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். டங்ஸ்டன் விலை அதிகம்தான், ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் டங்ஸ்டனுடையது 19.3. அதே எடைக்குச் சின்ன ஓட்டை போதும். ஒவ்வொரு ஓட்டையும் பின்னாளில் கிழிசல் தொடங்கப்போகிற இடம் என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை. எடையைக் குறைக்கிற வேலைக்கு மட்டும் நான் ஆதரவு இல்லை. தலைக்குள் இருக்கும் ஈயத்தைக் குடைந்து எடுக்கப் போனால் கம்பி ஆடிவிடும், அப்புறம் பெரிய மீன் இழுக்கும்போது ரப்பர் ஒரு பக்கம் கொக்கி ஒரு பக்கம்தான். ஆழமில்லாத நீருக்கென்றே எடை குறைந்த வகைகள் விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள்.

கொக்கிக்கு வருவோம். பெரிய மீனுக்குப் பெரிய ட்ரெபிள் ஹூக் (மூன்று முனைக் கொக்கி) என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ட்ரெபிளும் எடைதான். பின்கொக்கியை இரண்டு அளவு கூட்டினால் வால் பக்கம் ஈயம் வைத்த அதே கதை. அதன் முனை வாலைத் தொடும் அளவுக்கு நீண்டால், ஒவ்வொரு வீச்சிலும் வாலைக் குத்திக்கொண்டு வரும். இன்னொன்று, கொக்கி தொங்காமல் இருக்கட்டும் என்று முனைகளை ரப்பருக்குள் புதைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மஸ்கி கடித்தால் இரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொக்கி ரப்பருக்குள் கிடந்தால் வாயில் எது ஏறும்? ஒரு முனையை வேண்டுமானால் லேசாகப் பதித்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் வெளியே நிற்க வேண்டும். தடித்த கம்பிக் கொக்கி வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் கட்டர் அதை வெட்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் மீனைத் திரும்ப விடுகிறவர்கள். கொக்கி ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்கிக்கொண்டிராமல் தண்ணீரிலேயே வெட்டிவிடுவதுதான் மீனுக்கு நல்லது.

வாலைச் செதுக்குபவர்கள் நுனியில் ஆரம்பியுங்கள், அடியில் கை வைக்காதீர்கள். வால் உடம்போடு சேரும் இடத்தில் கத்தரி ஒரு சின்னக் கீறல் போட்டால்கூட நாலு வீச்சில் அங்கேயே பிய்யும். இன்னொரு விஷயம்: வீட்டில் பஞ்சு மாதிரி இருக்கும் வால், நவம்பர் மாதத்து ஏரியில் விறைத்துப்போய் அசையாது. குளிர்கால இரையை ஐஸ் போட்ட வாளியில் பத்து நிமிஷம் ஊறவைத்து வளைத்துப் பார்த்த பிறகு செதுக்கலாமா என்று முடிவு பண்ணுங்கள்.

கிழிந்ததை ஒட்டுவதில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. ரப்பர் என்று சொன்னாலும் இது பிவிசி தூளையும் மென்மையாக்கும் எண்ணெயையும் கலந்து சுமார் 175 டிகிரி செல்சியஸில் இறுகவைத்த பொருள். சூடாக்கினால் உருகி ஒட்டும், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அடுப்படியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, லைட்டர் நெருப்பில் நேரடியாகக் காட்டுவது வேண்டாம். வெளியில் உட்கார்ந்து, கத்தியைச் சூடாக்கிப் பிளவின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் விட்டு, இரண்டும் பளபளவென்று இளகியதும் கத்தியை உருவிவிட்டு அழுத்திப் பிடியுங்கள். ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். அதற்கு முன் இரைமேல் இருக்கும் வழுவழுப்பை சோப்புப் போட்டுக் கழுவி, பிளவின் உள்பக்கம்வரை நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஆவியாகி, உருகிய பிளாஸ்டிக்கைக் கையில் தெறிக்கும். தோலில் ஒட்டினால் எளிதில் விடாது. சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வளைகிற இடத்தில் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். மென்ட்-இட் மாதிரி மென்பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பசை அந்த இடத்துக்குச் சரி. எதைக் கொண்டு ஒட்டினாலும், உள்ளே கம்பி வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் அந்த இரைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

வைப்பதில் நடக்கும் தவறு கொஞ்சம் வேடிக்கையானது. மென்மையாக்கும் எண்ணெய் கசிந்துகொண்டே இருப்பதால், மர இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் அவற்றின் பெயின்ட் இளகிப் பிசுபிசுத்துவிடும். இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் என்கிற வேறு வகை மென்பிளாஸ்டிக் இரைகளோடு சேர்த்து வைத்தாலும் இதே கதி, ஒன்றோடொன்று ஒட்டி உருகிப்போகும். கறுப்பு மீனுக்குப் பக்கத்தில் படுத்த வெள்ளை மீன் கறை பிடித்து எழும், கழுவினாலும் போகாது. வாலை மடித்துத் திணித்தால் மடிந்தபடியே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் சிறிது நேரம் முக்கி, வால் நேராக விழும்படி தொங்கவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் இறக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பிய்ந்த வால் துண்டுகளை ஏரியில் வீசாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மீன்கள் அதையும் விழுங்கும், செரிக்காது. உங்களுக்கோ அடுத்த கிழிசலுக்கு ஒட்டுப்போட அதே நிறத்தில் துண்டு கிடைக்கும்.