ஒரு ஸ்குவாட்ரனின், அதாவது விமானப்படைப் பிரிவின், வரலாற்றைத் தேடுவது எப்படி?

முதல் விதி, பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். அமெரிக்காவின் 99-ஐ எடுத்துக்கொள்வோம். 1941 மார்ச்சில் கறுப்பினத்தவருக்கென்றே தொடங்கிய 99வது பர்சூட் ஸ்குவாட்ரன், அடுத்த ஆண்டே 99வது ஃபைட்டர் ஸ்குவாட்ரன் ஆனது. இன்று டெக்சாஸ் ராண்டால்ஃப் தளத்தில் அதே எண்ணோடு விமானிகளுக்குப் பயிற்சி தருகிறது. பழைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கதை 1949-லேயே முடிந்துபோகும், ஏனென்றால் அந்த ஆண்டு பிரிவைக் கலைத்துவிட்டு 1988-இல்தான் மறுபடி எழுப்பினார்கள்.

அப்புறம் பயிற்சி பெற்ற இடத்தைப் பாருங்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1942 மார்ச்சில் முதல் வகுப்பு முடித்து விமானிக்கான சிறகுச் சின்னம் வாங்கியவர்கள் ஐந்தே பேர், அவர்களில் ஒருவரான பெஞ்சமின் டேவிஸ்தான் 1943-இல் இந்தப் பிரிவை வட ஆப்பிரிக்காவுக்கு வழிநடத்திப் போனவர்.

தேதியில்லாத பழைய புகைப்படம் கிடைத்தால்? காற்று உள்ளே போகும் வாய் மூக்குக்குக் கீழே அகலமாகத் திறந்திருந்தால் பி-40 போர் விமானம், அதாவது ஆரம்பக் காலம். வயிற்றடியில் இருந்தால் பி-51, 1944 நடுப்பகுதிக்குப் பிந்தையது. இந்தப் பிரிவின் பி-51 விமானங்களுடைய வாலில் பூசியிருந்த சிவப்பு நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது, அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, ஸ்குவாட்ரனையும் பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த குரூப்பையும் குழப்பாதீர்கள். 99 போருக்குப் போனபோது தனிப்பிரிவு, 1944-இல்தான் 332வது குரூப்போடு சேர்ந்தது. பல கட்டுரைகள் வழுக்கி விழுவது சரியாக இங்கேதான்.