வயிற்றுக் கொழுப்பும் மறதி நோயும்: பலர் விடும் தவறுகள்

வயது போனால் அறளை பெயர்வது இயல்புதானே என்று இருந்துவிடுவது முதல் தவறு. மறதி நோய்களில் பரவலான அல்சைமர் நோயில் அமிலோயிட் என்ற புரதம் மூளையில் படியத் தொடங்குவது, மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே. எனவே கவனிக்க வேண்டிய வயது 45, 50. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் நடுவயது உடற்பருமனும் ஒன்று. கூடவே வரும் நீரிழிவு, பிரஷர், கெட்ட கொலஸ்டரோல் மூன்றும் அதே பட்டியலில் உள்ளன.

அடுத்தது, தராசை மட்டும் நம்புவது. ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சிப் பதார்த்தங்களை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினுக்கு உடல் மசியாமல் போகிறது. மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. எனவே வயிற்றுச் சுற்றளவையும் அளக்க வேண்டும். காற்சட்டை கட்டும் இடத்தில் நாடாவைப் பிடித்தால் அளவு குறைத்துத்தான் காட்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் எண்) 25 வரை பயமில்லை என்பதும் நமக்குப் பொருந்தாது. ஆசியருக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 165 செ.மீ. உயரமானவருக்கு அது சுமார் 63 கிலோ.

சோற்றைப் பாதியாக்கிவிட்டுத் தேத்தண்ணியை மறப்பவர்கள் திருகோணமலையில் ஏராளம். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 40 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது. பின்னேர ரோல்ஸ், வடை தனிக்கணக்கு. சூடை, கும்பளா மீன்கள் மலிவாகக் கிடைக்கும் ஊரில் அவற்றையும் பொரித்தே தின்பது வீண், குழம்பு வையுங்கள்.

மிகப் பெரிய தவறு இனித்தான். 75 வயது அம்மம்மா மெலிந்தால் "நல்லதாப் போச்சு" என்கிறோம். மறதி தெரிவதற்கு முன்பே பசியும் மணம் அறியும் திறனும் குறைந்து நிறை இறங்குவது இந்நோயில் வழக்கம். முதுமையில் பருமனானவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுவதற்கும் இது ஒரு காரணம்: நோய் தொடங்கியவர்கள் ஏற்கெனவே மெலிந்துவிடுகிறார்கள். 60 கிலோ இருந்தவர் முயலாமலே ஆறு முதல் 12 மாதத்தில் 3 கிலோ இழந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த வயதில் பட்டினி போட்டு மெலிய வைத்தால் தசைதான் கரையும்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெட்போர்மின் மாத்திரை எடுப்பவருக்கு மறதி வந்தால் விற்றமின் பி12 அளவைப் பார்க்கக் கேளுங்கள். அந்தக் குறைபாட்டால் வரும் மறதியை நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் திருத்தலாம்.