18 வோல்ட்டா, 20 வோல்ட்டா?

கார்ட்லெஸ் டிரில் வாங்கும்போது 18 வோல்ட்டை விட 20 வோல்ட் பலமானது என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேட்டரியிலும் இருப்பவை வரிசையாகக் கோத்த 5 லித்தியம் செல்கள். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழு சார்ஜில் செல் சுமார் 4 வோல்ட்டைத் தொடும், அந்த உச்சத்தை அச்சிட்டால் 20. திருகு முடுக்க ஆரம்பித்ததுமே அது இறங்கிவிடும். மிச்சமாகும் காசில் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள், பாதி வேலையில் நிற்க வேண்டியிருக்காது.

12 வோல்ட்டுக்கு இது பொருந்தாது: அதில் 3 செல்கள்தான், பலம் நிஜமாகவே குறைவு. கான்கிரீட் சுவரைத் துளைக்க வோல்ட் மட்டும் போதாது. துளைக்கும்போதே சுத்தியல் போலத் தட்டும் வசதியும் வேண்டும்; டிரில் பிட்டை மாட்டும் முனைக்குப் பின்னாலுள்ள வளையத்தில் சுத்தியல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.