கறிவேப்பிலைக்கு மீன் கழுவிய தண்ணீர்

நம்ம குமரி மாவட்டத்தில் மீன் வாங்காத வீடு குறைவு, ஆனால் மீன் கழுவிய தண்ணீரைப் பாதிப் பேர் ஓடையில்தான் ஊற்றுகிறோம். உப்பு போட்டு உரசுவதற்கு முன்னால் வருகிற முதல் தண்ணீரை மட்டும் எடுத்து, அதே அளவு நல்ல தண்ணீர் கலந்து, வாரம் ஒரு தடவை கறிவேப்பிலை மூட்டில் (செடியின் அடியில்) ஊற்றிப் பாருங்கள், தழைச்சத்து கிடைத்து இலை கரும்பச்சையாகத் தளதளவென வரும். மேலே கொஞ்சம் மண் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் பூனை தோண்டிவிடும் (எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்தது).

இலையை உருவாமல் நுனியோடு ஒடித்தால்தான் பக்கக் கிளை வெடிக்கும். தொட்டி என்றால் ஓட்டைக்கு மேல் கதம்பல் (தேங்காய் உரிமட்டை) துண்டு போடுங்கள், ஜூன் மழை, அக்டோபர் மழை இரண்டுக்கும் தண்ணீர் தேங்காது. அப்புறம், அவியல் இறக்கும்போது பறித்துப் போடுகிற இலையின் மணமே தனி, கடை இலையில் அது வராது.