பின் சக்கர டிஸ்க் பிரேக்கைப் பெரிதாக்குதல்: அடாப்டர் பிராக்கெட் பொருத்தும் முறை

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் கார்களிலிருந்து, சபரிமலைப் பருவத்தில், பிரேக் சூடேறிக் கருகிய வாடை வீசுவதைக் கூடலூர், கம்பம் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் நன்கு அறிவோம். அந்த அனுபவத்துக்குப் பிறகே பலர் பெரிய டிஸ்க் மாட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அடாப்டர் பிராக்கெட் என்னும் இணைப்புத் துண்டு செய்யும் வேலை எளியதுதான்: பேடுகளால் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பழைய காலிப்பரையே வைத்துக்கொண்டு, அதை வெளிப்புறமாக நகர்த்திப் பெரிய டிஸ்க்குக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துகிறது. எனினும் வேலையின் உயிர் ஸ்பேனரில் இல்லை, அளவில் இருக்கிறது.

பழைய டிஸ்க் 260 மி.மீ., புதியது 290 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 30 மி.மீ. கூடினால் ஆரத்தில் 15 மி.மீ. கூடும், ஆகவே காலிப்பர் சரியாக 15 மி.மீ. வெளியே நகர வேண்டும். பேடின் உயரம் 50 மி.மீ. எனில், அது அழுத்தும் நடு ஆரம் 105-லிருந்து 120 மி.மீ. ஆகிறது, அதாவது அதே மிதிக்குப் பின் சக்கரத்தின் நிறுத்தும் விசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது, மலை இறக்கத்தில் அது ஏற்கெனவே முன்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. எனவே ஜூன் மாத மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் சுழன்றுவிடும். முன் பிரேக்கும் அதற்கு ஈடாகப் பெரிதாக்கப்பட்டிருந்தால் மட்டுமே, உங்கள் காருக்கென்றே வடிவமைத்த முழுத் தொகுப்பை வாங்குங்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்கக் கூடாது. காலிப்பரைக் கழற்றியதும் அதைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கினால் உள்ளே வெடிப்பு விழும், அது வெளியே தெரியாது.

டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் முழுவதும் தேய்த்து நீக்கிய பின், புதிய டிஸ்க்கிலுள்ள எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டுங்கள். பிராக்கெட்டை வண்டியின் பழைய காலிப்பர் துளைகளில் பொருத்தி, தொகுப்புடன் வந்த போல்ட்டுகளை மட்டும் பயன்படுத்தி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணப் போல்ட்டு இங்கே ஆகாது.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்கிறதா, பேடின் மேல் விளிம்பு டிஸ்க்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை லேத்தில் கடைந்து வாங்கிய பிராக்கெட்டில் துளை அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்ததால், சில மாதங்களில் பேடுகள் ஆப்பு வடிவில் தேய்ந்துபோனதை நான் கண்டேன். அதன்பின் அளந்து பார்க்காமல் எந்தப் பிராக்கெட்டையும் மாட்டுவதில்லை. சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றி, ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருப்பதை உறுதிசெய்யுங்கள். சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் ஹோஸ் விறைக்கவும் கூடாது.

பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அத்தகைய காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுழற்றியபடிதான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நேராக அழுத்தினால் உள் அமைப்பு கெட்டுவிடும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது கட்டாயம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய பின் 155 டிகிரிதான். மலைச்சாரலில் வாழும் நாம் திறந்து வைத்த பழைய டப்பாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டிப்படும்வரை பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள்.

பேடுகள் புதிய டிஸ்க்கில் சீராகப் படியும்படி பழக்க, தயாரிப்பாளரின் குறிப்பு வேறாக இல்லையெனில், போக்குவரத்து இல்லாத அதிகாலையில் சமவெளிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை மிதமாகக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் சரிபார்த்த பிறகே மலைக்குச் செல்லலாம். முதல் இறக்கத்தை இரண்டாம் கியரில் இறங்கி, லோயர் கேம்பில் நிறுத்தி, ரிம்மின் உட்புறத்தில் உரசிய கோடு ஏதேனும் விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.